கெடு வைத்தது யார்?

கேள்வி: கானான் தேசம் முழுவதையும் தருவதாக ஆபிரகாமுக்குத் தேவன் வாக்களித்தார். கடைசியில் அவருக்குச் சொந்தமானது, மனைவியைப் புதைக்க விலைகொடுத்து வாங்கிய நிலம் மட்டுமே. நானும், நல்ல எதிர்காலத்தைத் தருவேன் என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11ஐப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாக ஜெபிக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. 'வாக்கு மாறாதவர்' என்று இன்னும் எப்படி எழுதுகிறீர்கள்?

பதில்: வாக்கைப் படித்த நீங்கள், அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கெடுவைப் படிக்காமல் விட்டுவிட்டீர்கள். ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உன் சந்ததியார் அந்நிய தேசத்தில் நானூறு வருஷம் உபத்திரவப்படுவார்கள், நீயோ நல்ல முதிர்வயதில் அடக்கம்பண்ணப்படுவாய் என்று ஆபிரகாமிடம் நேரடியாகவே சொல்லப்படுகிறது. தன் ஆயுளில் தேசம் கைக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். ஏமாற்றப்பட்டவர் என்று நீங்கள் அவருக்காக வழக்காடுகிறீர்கள். அவரே அந்த வழக்கைத் தொடுக்கவில்லை.

அதே அதிகாரத்தில்தான் அந்த விசித்திரமான சடங்கும் வருகிறது. பிளந்து வைத்த மிருகங்களின் நடுவே நடந்துபோய் உடன்படிக்கை செய்வது அக்கால வழக்கம். மீறினால் இந்தக் கதி எனக்கும் வரட்டும் என்பது அதன் பொருள். எரேமியா 34லும் இதைப் பார்க்கலாம். ஆனால் இங்கே புகைகிற சூளையும் நெருப்புச் சுடரும் மட்டுமே துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. ஆபிரகாமை யாரும் நடக்கச் சொல்லவில்லை. ஆணையின் பாரம் முழுவதும் தேவனுடைய தோளில்.

இனி, நீங்கள் இளக்காரமாகக் குறிப்பிட்ட அந்த நிலம். "நானூறு சேக்கல் வெள்ளி, உமக்கும் எனக்கும் இடையில் அது என்ன பெரிது?" என்று பெருந்தன்மை காட்டியபடியே நிலத்தின் சொந்தக்காரன் எப்பெரோன் விலையைச் சொல்லிவிடுகிறான். கெட்டிக்கார வியாபாரி! ஆபிரகாம் பேரம் பேசாமல் நிறுத்துக் கொடுத்தார். பிறகு ஈசாக்கும் ரெபெக்காளும் லேயாளும் அந்த மக்பேலா குகையிலேயே அடக்கமானார்கள். எகிப்தில் இறந்த யாக்கோபின் உடலையும் மகன்கள் அங்கேதான் சுமந்துவந்தார்கள். யாக்கோபின் மகன் யோசேப்போ, தேவன் உங்களைச் சந்திப்பார், அப்போது என் எலும்புகளைக் கொண்டுபோங்கள் என்று சத்தியமே வாங்கிக்கொண்டார். எகிப்தைவிட்டுப் புறப்பட்ட அவசரத்திலும் மோசே அவற்றை மறக்கவில்லை. யோசுவா புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் அவை சீகேமில் அடக்கம்பண்ணப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக எலும்புகளைக் காத்து வைத்திருந்தவர்கள், வாக்கு பொய்த்துவிட்டது என்று நினைத்தவர்களாக இருக்க முடியுமா?

எரேமியா 29:11க்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்கிறது. அதைக் கேட்ட நடுவயதுக்காரர்கள் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று முழங்குகிறான். எந்தப் பிரசங்கத்துக்குக் கூட்டம் சேர்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கி.மு. 539இல் பாபிலோன் பெர்சிய ராஜாவாகிய கோரேசிடம் விழுந்தபோது, அனனியாவின் கெடு கடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உங்களுடைய மூன்று ஆண்டுக் கணக்கு எரேமியா கொடுத்ததா, அனனியா கொடுத்ததா?

இதற்காக வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் போதகர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலே வருகிறது. 89ஆம் சங்கீதம், தாவீதுக்குப் பொய் சொல்லமாட்டேன் என்ற தேவனுடைய ஆணையை அவருக்கே எடுத்துக்காட்டிவிட்டு, அவன் கிரீடத்தைத் தரையிலே தள்ளினீர் என்று குற்றம் சாட்டுகிறது. உமது பூர்வ கிருபைகள் எங்கே என்று கேட்கிறது. அதற்கு அந்தச் சங்கீதத்தில் பதில் இல்லை. மத்தேயுவின் முதல் வசனம், இயேசுவைத் தாவீதின் குமாரன், ஆபிரகாமின் குமாரன் என்று அறிமுகப்படுத்துகிறது. அதுவே பதில் என்று கிறிஸ்தவர்களாகிய நாம் விசுவாசிக்கிறோம். பாடியவர் அதைக் காணவில்லை. ஆனாலும் அவருடைய முறையீட்டை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. இன்று ஜெபிக்கும்போது அந்தச் சங்கீதத்தை 38ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பதைவிட, தேவனிடமே கேட்பது முறை.