பேரிங் வாங்கும் முன் பழையதைக் கையில் எடுங்கள்

கேள்வி: நீலகிரியில், கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் வைத்திருக்கிறேன். சொந்தத் தோட்டத்துக் கேரட்டோடு அக்கம்பக்கத்தார் லோடையும் வாடகைக்குக் கழுவித் தருகிறேன். டிரம் ஷாஃப்ட்டுக்கு இரண்டு பக்கமும் 206 பிளாக் பேரிங் (பிளாக் என்கிற இரும்புக் கூட்டுக்குள் உட்காரும் பேரிங்). அதில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூன்று மாதத்தில் போய்விடுகிறது. "மட்டமான பேரிங் போட்டால் இப்படித்தான், கம்பெனி பேரிங் போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா?

பதில்: ஒரு பக்கம் மட்டும் போகிறது என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி, முதலில் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே டப்பா கிரீஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். மட்டமான பேரிங் என்றால் இரண்டுமே போயிருக்க வேண்டும். ஒன்று தாக்குப்பிடிக்கிறது என்றால், அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ கோளாறு. அதைச் சரிசெய்யாமல் மூன்று மடங்கு விலையில் வாங்கினால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

கழற்றிய பேரிங்கைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். லேத் பட்டறையில் கொடுத்து வெளி வளையத்தை வெட்டித் திறந்து பாருங்கள். கிரீஸ் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், குண்டுகளின் இடைவெளிக்கு ஏற்றாற்போல் வளையத்தில் துருப்புள்ளிகள் இருந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. குண்டு ஓடும் பாதை பளபளப்பு போய் மங்கலாகத் தேய்ந்திருந்தால் சேறும் மணலும். வெளி வளையத்தில் ஒரே பக்கம் மட்டும் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்து, அது பெல்ட் இழுக்கும் திசையாகவும் இருந்தால், பெல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறீர்கள். பால் பேரிங்கில் பளு இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் பலகையின் நட்டை அரைச் சுற்று கூடுதலாகத் திருகுவது அவ்வளவு சின்ன விஷயமில்லை. நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் கிரீஸ் இல்லாமல் சூடேறி ஓடியது என்று பொருள்.

உங்கள் மெஷினில் தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. வேலை முடிந்ததும் ஹோஸ் பைப்பால் டிரம்மை அடித்துக் கழுவுவீர்கள் அல்லவா? அந்நேரம் பேரிங் ஓடிச் சூடாக இருக்கும். கேத்தித் தண்ணீரின் குளிர்ச்சி பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது ரப்பர் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த சீல் தூசியையும் தெறிக்கும் துளியையும் தடுக்கத்தான். நேராக அடிக்கும் தண்ணீரை அது தடுக்காது. ராத்திரி முழுக்க மெஷின் நிற்கும்போது, குண்டும் வளையமும் தொடும் இடத்தில் அந்த ஈரம் துருவாகிறது. மறுநாள் அந்தத் துருவின் மேல்தான் பேரிங் ஓடுகிறது.

எனவே முதல் செலவு பேரிங்குக்கு வேண்டாம். டிரம்முக்கும் பிளாக்குக்கும் நடுவே ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஒரு ரப்பர் வட்டைப் போடுங்கள். சுற்றும்போது அது தண்ணீரை வெளியே வீசிவிடும். பிளாக்கின் மேல் தகரத்தில் ஒரு மறைப்பு. சட்டத்தில் இடமிருந்தால் பிளாக்கையே கொஞ்சம் வெளியே தள்ளி வையுங்கள். கிரீஸ் அடிப்பதைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றுங்கள். கழுவி முடித்தபின் டிரம்மை மெதுவாக ஓடவிட்டு, சீல் ஓரத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடித்தால், உள்ளே போன ஈரம் அதோடு வெளியேறிவிடும். கிரீஸில் தண்ணீரை நன்றாகத் தாங்குவது கால்சியம் சல்ஃபோனேட் வகை. விலை கூடுதல்தான், உங்கள் வேலைக்குத் தகும். மாற்றும்போது பழைய கிரீஸை முழுக்க எடுத்துவிட வேண்டும்.

ஷாஃப்ட்டையும் பாருங்கள். 206 என்பதில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் 30. அதுதான் உள் துளை, மில்லிமீட்டரில். (04 முதல் மேலே இந்தக் கணக்கு சரியாக வரும்.) வெர்னியரில் ஷாஃப்ட் 30-க்குக் கணிசமாகக் குறைந்திருந்தால், பேரிங் அமரும் இடத்தில் சிவப்புப் பொடி இருந்தால், உள் வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே நழுவிச் சுற்றியிருக்கிறது. சிலர் அங்கே பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி ஏற்றிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு வாரத்துக்குக்கூட உத்தரவாதமில்லாத வேலை. லேத்தில் கொடுத்து ஷாஃப்ட்டை நிரப்பிக் கடையவோ புதிதாகப் போடவோ செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தபின் நல்ல கம்பெனி பேரிங் வாங்குங்கள். உள் பேரிங் யுசி 206 தனியாகக் கிடைக்கும். பிளாக்கில் விரிசலோ தேய்மானமோ இல்லையென்றால் முழு செட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பெரிய கம்பெனி பெயர் போட்ட பேரிங் பாதி விலைக்குக் கிடைத்தது. ஒரு மாதத்தில் கரகரவென்று சத்தம். பில் கேட்டதற்குத் தரவில்லை. போலியா? எங்கே முறையிடுவது? (கூடலூர், மாவு மில் நடத்துபவர்)

பதில்: போலியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெட்டியின் அச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்போது பெட்டியை அச்சு அசலாகவே அடிக்கிறார்கள். எஸ்.கே.எஃப். போன்ற கம்பெனிகள் பெட்டியையும் பேரிங்கையும் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கத் தனி செயலி வைத்திருக்கின்றன. கம்பெனியின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலும் இருக்கும். கோயம்புத்தூர் வரை போய் வாங்குகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. "தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கு அந்தத் தடை கிடையாது. நீங்களே நின்று மில்லை ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த வாதம் உங்களுக்குக் கைகொடுக்கும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கடை சமவெளியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பில் இல்லாத நிலையில் ஜிபே, போன்பே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பெட்டியும் பேரிங்கும்தான் உங்கள் சாட்சி. எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரி. ட்ரையர் ஃபேன் பேரிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஃபிட்டர் தினமும் கிரீஸ் அடிக்கிறார், சூடு குறையவில்லை. விலை உயர்ந்த கிரீஸ் வாங்கச் சொல்கிறார்.

பதில்: தினமும் அடிப்பதே சூட்டுக்குக் காரணமாக இருக்கலாம். பேரிங் வீட்டின் காலி இடத்தில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும். நிறைந்துவிட்டால் ரோலர்கள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும், கடைந்தால் சூடு. ஒரு தடவை அடிக்கும் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: மில்லிமீட்டரில் வெளி விட்டம் × அகலம் × 0.005. 22216 பேரிங் என்றால் 140 × 33 × 0.005, ஏறக்குறைய 23 கிராம். கிரீஸ் கன்னைப் பத்துத் தடவை அழுத்தி ஒரு தாளில் எடுத்து, தேயிலை சாம்பிள் நிறுக்கும் தராசில் வையுங்கள். ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அடித்த சில மணி நேரம் சூடு ஏறி, பிறகு இறங்கினால் அது இயல்பு.

வெளியே குளிராக இருக்கிறதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஹீட்டரிலிருந்து இழுக்கும் காற்றின் சூடு ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்கு வந்து சேரும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. ஃபேன் கூட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஷாஃப்ட்டில் அலுமினியக் குளிர்விப்புத் தட்டு இருக்கிறதா, பேரிங்கில் சி3 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சூடான ஷாஃப்ட் விரியும். சி3-இல் அதற்கு உள்ளே கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். புது கிரீஸுக்கு மாறினால் பழையதைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். லித்தியம் கிரீஸின் மேல் பாலியூரியா வகைக் கிரீஸை அடித்தால் இரண்டும் சேர்ந்து தண்ணியாகி ஒழுகிவிடக்கூடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர் பக்கத்துப் பேரிங்குகளில் என்ன கிரீஸ் போகிறது? ஒழுகினால் நேராகத் தூளில் விழும் இடம் அது. அங்கே எச்1 தரக் குறியுள்ள, உணவுக்கேற்ற கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும். இந்தச் செலவில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

கேள்வி: குன்னூரில் வீட்டு மோனோபிளாக் மோட்டார் இரைகிறது. மெக்கானிக் புது மோட்டார் வாங்கச் சொல்கிறார். (ஓர் இல்லத்தரசி)

பதில்: காயில் எரியாமல் இருந்தால் மோட்டாரை மாற்ற அவசியமில்லை. இரண்டு பேரிங்கையும் மெக்கானிக்கல் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். சீல் கசிந்து தண்ணீர் உள்ளே வந்துதான் பம்ப் பக்கத்துப் பேரிங் பெரும்பாலும் போகிறது. அதை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் இரையும். சுத்தியலால் வெளி வளையத்தில் தட்டி ஷாஃப்ட்டில் ஏற்றினால் அடி முழுவதும் குண்டுகளில் இறங்கி, புதுப் பேரிங்கிலேயே பள்ளம் விழும். பைப் துண்டை உள் வளையத்தில் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். கழற்றிய பேரிங்குகளை அவரிடமிருந்து கேட்டு வாங்கி, எண்ணைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.