ஸ்லேயருக்குப் பக்கத்தில் நிக் டிரேக் – கடிதம்

வணக்கம் சார்,

போன வாரம் எழுதிய குறிப்பில் பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம், மெட்டல் குழுவான ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்', ஃபோக் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு 'மூன்றும் எனக்கு ஒன்றுதான்' என்று முடித்திருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. பதினைந்து வருடமாக ஃபோக் கேட்பவன் நான், கொஞ்சம் கிட்டாரும் வாசிப்பேன். 'பிங்க் மூன்' எனக்குக் கிட்டத்தட்ட சாமி மாதிரி. நீங்கள் சொல்லிவிட்டீர்களே என்று மற்ற இரண்டையும் ஆபீஸ் போகும் பஸ்ஸில் கேட்டேன் (கண்டக்டர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே, அதனால் ஒரு காதில் மட்டும் இயர்போன்). ரமோன்ஸ் வாசிக்கத் தெரியாத பையன்கள். கிட்டார் இருக்கிறதா என்றே தெரியவில்லை, ஏதோ தூரத்து ஜெனரேட்டர் மாதிரி ஒரு உறுமல். ஸ்லேயர் வெறும் தலைவலி. அதைவிட, முதல் பாட்டே ஆஷ்விட்ஸில் மனிதர்களை வைத்துச் சோதனை செய்த மெங்கலேயைப் பற்றியது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். மெட்டல் வேண்டுமென்றால் பிளாக் சாபத் இருக்கிறதே, அது போதாதா? இன்னொன்று, 29 நிமிடத்தைப் பதிவு செய்துவிட்டு முழு ஆல்பம் என்று விற்பது ஏமாற்று இல்லையா?

அன்புடன்,
ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

இயர்போனை மாட்டியது இடது காதில்தானே?

மந்திரமெல்லாம் இல்லை. 1976-இல் வந்த அந்த ரமோன்ஸ் ஆல்பத்தில் பேஸ் கிட்டாரை இடது பக்கமும் கிட்டாரை வலது பக்கமும் ஒதுக்கிவிட்டு, டிரம்ஸையும் குரலையும் நடுவில் வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்ட அந்த ஜெனரேட்டர், டீ டீ ரமோனின் பேஸ். ஜானி ரமோன் உங்கள் மடியில் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு இயர்போனில் வாசித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமலேயே அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது, ஏனென்றால் நானும் இதே கூத்தை இரண்டு வருடம் நடத்தியவன். 1994, கல்லூரி ஹாஸ்டல். பெங்களூரிலிருந்து வந்த சீனியர் ஒருவர் 60 நிமிட டிடிகே கேசட் ஒன்றை எனக்குப் பதிந்து கொடுத்தார், ஏ பக்கம் ஸ்லேயர், பி பக்கம் ரமோன்ஸ். எங்கள் அறையிலிருந்த டூ-இன்-ஒன்னில் வலது ஸ்பீக்கர் எப்போதோ செத்துப்போயிருந்தது. ஆக நான் கேட்ட ரமோன்ஸில் கிட்டாரே கிடையாது. பேஸ், டிரம்ஸ், மூக்கால் பாடும் ஜோயி, அவ்வளவுதான். அப்படியும் பிடித்திருந்தது. பிறகு ஒரு நண்பன் வீட்டு நல்ல செட்டில் போட்டபோது வலது பக்கத்திலிருந்து திடீரென்று ஒரு ரம்பம் அறுக்க ஆரம்பித்தது, கேசட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நிறுத்தப் போனேன்.

அந்த 60 நிமிடக் கேசட்தான் என் குறிப்புக்கே காரணம். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டு பதிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும், ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறு பாட்டு, ஏழாவதுக்கு இடமில்லை தம்பி என்பார் கடைக்காரர். ஒரு முழு ஆங்கில ஆல்பம் ஒரு பக்கத்தில் அடங்குவது அபூர்வம். ரமோன்ஸ் 14 பாட்டு, 29 நிமிடம். ஸ்லேயர் 10 பாட்டு, அதுவும் 29 நிமிடம். 1986-இல் ஸ்லேயரின் கேசட்டே இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பமும் இருக்கும்படிதான் விற்பனைக்கு வந்தது, திருப்பிப் போட்டாலும் அதேதான். பல வருடம் கழித்து 'பிங்க் மூன்' கையில் கிடைத்தபோது நான் முதலில் பார்த்தது பின்னட்டையைத்தான், பழக்கதோஷம். 11 பாட்டு, கூட்டிப் பார்த்தால் 28 நிமிடம். 'மூன்றும் ஒன்றுதான்' என்று எழுதியபோது மனதில் இருந்தது இதுதான். சோம்பேறித்தனமாக ஒரே வரியில் முடித்தது என் தப்பு.

காசு விஷயத்தை விடுங்கள், இப்போது நீங்களும் நானும் ஆல்பத்துக்கா காசு கொடுக்கிறோம்? ஆனால் அளவு எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். நிக் டிரேக்கின் முதல் இரண்டு ஆல்பங்களிலும் வயலின் கூட்டம், பிராஸ், கூட வாசிக்க நல்ல நல்ல கலைஞர்கள் என்று எல்லாம் உண்டு. இரண்டும் விற்கவில்லை. 1971 அக்டோபரில் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டை மட்டும் வைத்துக்கொண்டு, லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் இரண்டே இரவில் குரலும் கிட்டாரும் மட்டுமாகப் பதிந்துவிட்டார். தலைப்புப் பாட்டில் கொஞ்சம் பியானோ சேர்த்ததோடு சரி. ஸ்லேயரும் அப்படித்தான். அதற்கு முந்தைய ஆல்பத்தில் ஆறு நிமிடத்தைத் தாண்டும் பாட்டுகள், குகைக்குள் பாடுவதுபோல எதிரொலி. ரிக் ரூபின் என்ற ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் வந்து அந்த எதிரொலியைத் துடைத்தெடுத்தார். பாட்டுகளும் சுருங்கின, பாதிக்கு மேல் மூன்று நிமிடத்தைத் தொடவில்லை. ரமோன்ஸுக்குக் கழிக்கவே எதுவும் இல்லை, மொத்தப் பட்ஜெட் சுமார் 6,400 டாலர், மற்ற ராக் குழுக்கள் அதைவிடப் பல மடங்கு செலவழித்து மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த காலம். கிட்டார் சோலோ என்று சொல்லும்படி ஒன்றுமே அதில் கிடையாது. நீங்கள் நல்ல பிள்ளைக்கு உதாரணமாகக் காட்டும் பிளாக் சாபத்தும் முதல் ஆல்பத்தை 1969-இல் ஒரே நாளில் பதிந்து முடித்தவர்கள்தான். உங்களுக்குப் பிடித்த எல்லோரும் அவசரக்காரர்களாக இருக்கிறார்களே!

நீங்கள் கிட்டார் வாசிப்பவர் என்பதால் ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டில் ஆள் இல்லாதபோது செய்து பாருங்கள். ஜானி ரமோன் ஏறக்குறைய எல்லாவற்றையும் கீழ்நோக்கிய அடியிலேயே வாசிப்பவர். நாம் மேலும் கீழுமாக ஆட்டிச் சமாளிக்கும் வேகத்தை அவர் மேலிருந்து கீழே மட்டும் அடித்துப் பிடிப்பார். அதே வேகத்தில் இரண்டு நிமிடம் தாங்குகிறீர்களா என்று பாருங்கள். எனக்கு நாற்பது விநாடியில் முன்கை கல்லாகிவிட்டது. இடது கைக்குப் பெரிய வேலை இல்லை என்பது உண்மைதான், மூன்று கார்டு (chord), சில சமயம் நான்கு. வித்தையெல்லாம் வலது கையில் இருக்கிறது. அப்புறம் உங்கள் சாமியின் வலது கையை யோசியுங்கள். கட்டைவிரல் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும், மற்ற விரல்கள் அதைச் சுற்றி வரும், குரல் இரண்டுக்கும் சம்பந்தமில்லாததுபோல் பின்தங்கி வந்து சேரும். 'பிங்க் மூன்' ஆல்பத்தில் 'நோ' (Know) என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அதை மறுபடி கேளுங்கள். ஒரே சின்னக் கிட்டார்ச் சுற்று, மாறவே மாறாது. கொஞ்சம் முனகல். மொத்தப் பாட்டுக்கும் நான்கே வரி. இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெயரை மறைத்துவிட்டு 'இந்த ஆள் எந்தக் குழுவோடு சேர்த்தி?' என்று கேட்டால் நான் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து வந்த அந்த நான்கு லெதர் ஜாக்கெட்களை, ரமோன்ஸைத்தான் காட்டுவேன்.

'ஃபோக்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு பேச்சு இருக்கிறது. நாம் அதை 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்த்துக்கொண்டு ஏதோ வயல்வெளி, பாமரன், உண்மை என்றெல்லாம் மனதில் ஓட்டிக்கொள்கிறோம். நிக் டிரேக் ரங்கூனில் பிறந்தவர், அப்பா பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் என்ஜினீயர். பையன் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். பாடியது சொந்தப் பாட்டு. அதில் நாடும் இல்லை, புறமும் இல்லை. வழிவழியாக வந்த ஆங்கிலப் பாட்டுதான் வேண்டுமென்றால் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலக் குழுவின் 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தைக் கேளுங்கள் (ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், கடிதத்தில் ஏன் அதைச் சொல்லவில்லை?). 1969 மே மாதம் அவர்கள் வந்த வேன் நெடுஞ்சாலையில் கவிழ்ந்து டிரம்மர் மார்ட்டின் லேம்பிள் இறந்துபோனார், 19 வயது. கலைந்துவிடலாமா என்று யோசித்தவர்கள் ஹாம்ப்ஷையரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பழைய கதைப்பாடல்களைத் தோண்டியெடுத்து, எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து வாசித்து, அந்த டிசம்பருக்குள் ஆல்பத்தையே கொண்டுவந்துவிட்டார்கள். என் கணக்கில் அந்தக் குழுவின் பாடகி சாண்டி டென்னி பாடிய எதற்கும் அது குறைந்ததில்லை.

அதில் 'மேட்டி குரோவ்ஸ்' என்ன கதை? பிரபுவின் மனைவி மேட்டி என்பவனோடு படுக்கிறாள், பிரபு வந்து அவனை வெட்டுகிறான், மனைவியை வாளால் சுவரோடு சேர்த்துக் குத்துகிறான். எட்டு நிமிடம். நம் நல்லதங்காள் மட்டும் என்ன, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் கதையைத்தானே ஊர் ஊராக உட்கார்ந்து பாடி அழுதார்கள். ரத்தம் இருக்கிறது என்பதற்காக ஸ்லேயரை ஒதுக்குவதாக இருந்தால் ஃபோக் அலமாரியில் பாதியைக் காலி செய்ய வேண்டிவரும்.

ஆனால் நீங்கள் ரத்தத்தைச் சொல்லவில்லை, மெங்கலேயைச் சொன்னீர்கள். அங்கே எனக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் வரவில்லை. மேட்டி குரோவ்ஸ் யாரென்று யாருக்கும் தெரியாது. மெங்கலேயின் கையிலிருந்து தப்பியவர்கள் அந்த ஆல்பம் வந்தபோது உயிரோடு இருந்தார்கள். பிரேசிலில் வேறொருவர் பெயரில் புதைக்கப்பட்டிருந்த அவன் எலும்புகளைத் தோண்டியெடுத்ததே அதற்கு முந்தைய வருடம், 1985-இல்தான். விநியோகம் செய்ய வேண்டிய கொலம்பியா நிறுவனம் இந்தப் பாட்டையும் அட்டைப்படத்தையும் பார்த்துவிட்டு மாட்டேன் என்று ஒதுங்கியது, கெஃபன் எடுத்துக்கொண்டது. பாட்டை எழுதிய ஜெஃப் ஹன்னமன், அவன் கெட்டவன் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா என்ற மாதிரிதான் பேட்டிகளில் பதில் சொன்னார். அவர் ஜெர்மன் ராணுவப் பதக்கங்களைச் சேகரித்தவரும்கூட. எனக்கு இது உறுத்துகிறது. இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் அந்தப் பாட்டைக் கேட்கிறேன், சில நாள் தாண்டிவிட்டு இரண்டாவது பாட்டுக்குப் போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதே அளவுகோலை ரமோன்ஸ் மேல் நீங்கள் ஏன் வைக்கவில்லை? முதல் பாட்டின் தலைப்பிலேயே 'பிளிட்ஸ்கிரீக்' (நாஜி ராணுவத்தின் மின்னல் வேகத் தாக்குதல்) இருக்கிறது, கடைசிப் பாட்டிலும் நாஜி வேடிக்கைதான். அந்த முதல் பாட்டில் பெரும்பகுதியை எழுதிய டிரம்மர் டாமி ரமோன், புடாபெஸ்டில் 1949-இல் பிறந்த யூதர், அவருடைய பெற்றோர் இனப்படுகொலையின்போது பக்கத்து வீட்டார் ஒளித்து வைத்ததால் பிழைத்தவர்கள், உறவினர் பலர் பிழைக்கவில்லை. பாடிய ஜோயியும் யூதர். ஸ்லேயரைத் தயாரித்த ரூபினும்தான். அவர்களெல்லாம் சரியென்றால் நமக்கென்ன என்று நான் வாதாட வரவில்லை, அது மட்டமான வாதம். டாமியின் வாயிலிருந்து வரும்போது அது எமனைக் கூப்பிட்டு வைத்துக் கேலி செய்வதுபோலக் கேட்கிறது, ஹன்னமனிடம் கேலியே இல்லை, ஒரு கோப்பைப் படித்து ஒப்பிக்கும் குரல். அதனால்தான் உங்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கிறது. பிசைய வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நிறுத்தியது தப்பில்லை.

'வெறும் தலைவலி' என்றதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நடுவில் வரும் ஐந்தாறு பாட்டுகளை இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சோலோக்கள் கண்ணாடியில் ஆணி கீறுவதுபோல இருக்கும், அவற்றை ரசிப்பதாகச் சொல்லும் நண்பர்களை நான் நம்புவதில்லை. ஆனால் டேவ் லம்பார்டோவின் டிரம்ஸுக்காகவாவது இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் இல்லாமல், ஒரே ஒரு தடவை கடைசிப் பாட்டை மட்டும் கேளுங்கள். அதில் மெங்கலே இல்லை.

அந்தப் பாட்டு முடிந்ததும் மழைச் சத்தம் வரும், கொஞ்ச நேரம் பெய்து அடங்கும். என் சீனியரின் கேசட்டில் அதற்கப்புறமும் துளி இடம் மிச்சமிருந்தது. காலியாக விட மனசில்லாமல் அவர் இளையராஜா பாட்டு ஒன்றின் முதல் நாற்பது விநாடியை அங்கே பதிந்து வைத்திருந்தார். பல்லவி ஆரம்பிப்பதற்கு முன்னால் டக்கென்று டேப் முடிந்துவிடும். கேசட் தொலைந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் போனில் அந்த மழை நின்றதும் கை ஹெட்போனைக் கழற்றாது, புல்லாங்குழல் வருகிறதா என்று ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பேன்.