மழைக்கால நத்தாருக்கு ஒரு வாய் இனிப்பு: மட்டக்களப்பில் எது சரிவரும்?

கேட்டிருந்த கேள்வி இதுதான்: "நத்தாருக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அயல் வீடுகளுக்கும் கொடுக்க, ஒரே வாயில் போடுகிற மாதிரி சின்னச் சின்ன இனிப்புகள் செய்ய ஆசை. வீடியோக்களில் வருகிற மக்கரோன், மினி டார்ட் போல. இருப்பது மட்டக்களப்பில். வீட்டில் ஓவன் இல்லை. என்ன செய்யலாம்?"

பாதாம் மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுடுகிற மக்கரோனை முதலில் மறந்துவிடுங்கள். ஓவன் இல்லாதது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் நம் ஊர் டிசம்பர். வருடத்து மழையில் பெரும்பங்கு நமக்கு நவம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கிறது. கொடியில் போட்ட துணியே இரண்டு நாளாகக் காயாமல் கிடக்கிற காலத்தில், சுடுவதற்கு முன் மேல்தோல் காய வேண்டிய மக்கரோன் எப்படிக் காயும்? தோல் காயாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும். முட்டை வெள்ளையும் சீனியும் அடித்துச் செய்கிற மெரிங்கும் அப்படித்தான், காலையில் மொறுமொறு, பின்னேரம் பசை. மினி டார்ட்டின் ஓடு உள்ளே வைத்த கிறீமிலிருந்தும் ஈரம் குடிக்கும், வெளிக்காற்றிலிருந்தும் குடிக்கும். அச்சில் தோய்த்துப் பொரிக்கிற மொறுமொறு கொக்கிஸ் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அதையும் சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, மொறுமொறுப்பை நம்பி நிற்கிற எதையும் இந்த மாதத்தில் தொட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மென்மையாக இருக்க வேண்டியதையே செய்யுங்கள். அதில் நமக்குத் தட்டுப்பாடே இல்லை, பாதிக்கு மேல் ஓவனும் தேவையில்லை.

சின்னதாகச் செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்தது நல்ல யோசனை. கரோல் குழு வருகிற இரவுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் நனைந்த குடை, மறு கையில் பாட்டுக் கொப்பி. அவர்களிடம் கேக் துண்டும் கரண்டியும் கொடுத்தால் எங்கே வைத்துச் சாப்பிடுவார்கள்? நின்ற நிலையில் எடுத்து வாயில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டும். அதற்காக அச்சு, வெட்டி என்று கடை கடையாக அலைய வேண்டாம். ஒரு தட்டில் ஊற்றிச் சின்னதாக வெட்டினாலே போதும்.

என்னைக் கேட்டால் முதல் இடம் பால் டொபிக்குத்தான். எல்லோருக்கும் தெரிந்த சாமான் என்று தள்ளிவிடாதீர்கள். மழைக்காலத்துக்கு இதைவிடத் தோதான இனிப்பு கிடையாது, அதற்குக் காரணமும் இருக்கிறது. கச்சான் பாகு போன்ற கண்ணாடிப் பாகில் சீனி மணியாகக் கட்டாமல் கண்ணாடி மாதிரியே உறைந்து நிற்கிறது. அந்த நிலையில் அது காற்றிலுள்ள ஈரத்தை விடாமல் இழுக்கும், ஒரே நாளில் கையில் ஒட்டும். பால் டொபியில் சீனி மிக நுண்ணிய மணிகளாகத் திரும்பக் கட்டிவிடுகிறது. அதனால் ஈரத்தை அவ்வளவாகச் சட்டை செய்யாது.

அளவு: டின் பால் (இனிப்புச் சேர்த்த கட்டிப்பால்) ஒரு டின் (ஏறத்தாழ 400 கிராம்), சீனி 500 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, கஜு 100 கிராம், பட்டர் அல்லது மாஜரின் இரண்டு மேசைக்கரண்டி, கடைசியில் கொஞ்சம் வனிலா அல்லது ஏலக்காய்த் தூள். அடி தடித்த தாச்சியில் சீனியையும் தண்ணீரையும் போட்டு, சீனி ஒரு மணிகூட மிஞ்சாமல் கரைந்த பிறகுதான் டின் பாலை ஊற்ற வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், கரையாத சீனி மணிகளைச் சுற்றிப் பெரிய மணிகள் கட்டி, டொபி மணல் கடிக்கிற மாதிரி வரும். தாச்சியின் ஓரத்தில் ஒட்டுகிற சீனியை நனைத்த துணியால் அவ்வப்போது துடைத்துவிடுங்கள், அதுவும் இதே காரணத்துக்குத்தான். பிறகு நடு நெருப்பில் கைவிடாமல் கிண்ட வேண்டும். இருபது, இருபத்தைந்து நிமிடம் போகும். அந்த நேரத்தில் போன் வந்தால் எடுக்காதீர்கள், டின் பால் அடிப்பிடிக்கக் காத்துக்கொண்டிருக்கும்.

நிறம் தேன் நிறத்துக்குத் திரும்பி, கலவை தாச்சியை விட்டு விலகத் தொடங்கும்போது, ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். விரலால் உருட்ட மென்மையான உருண்டையாக வந்தால் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அது 112 முதல் 116 பாகை செல்சியஸ். மழை நாளில் நான் 116ஐத் தொட்டு, ஒன்றிரண்டு பாகை கூடவே விடுவேன். உருண்டை கொஞ்சம் இறுக்கமாக வரும், அப்போதுதான் வெட்டிய துண்டு ஒரு வாரம் கழித்தும் வடிவம் குலையாமல் நிற்கும். இறக்கியதும் பட்டர், கஜு, வாசனை எல்லாம் சேர்த்து, பளபளப்பு மங்கும்வரை அகப்பையால் அடித்து, பட்டர் பூசிய தட்டில் ஊற்றுங்கள். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு என்றால், இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வெட்டினால் 64 துண்டு வரும். இளஞ்சூட்டில் வெட்ட வேண்டும். ஆறிய பிறகு கத்தி வைத்தால் துண்டு வராது, தூள்தான் வரும்.

அடுத்தது கடற்பாசி, அதாவது அகர் அகர். நத்தாருக்குக் கடற்பாசியா என்று சிரிக்க வேண்டாம். நோன்பு காலத்தில் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஜெலற்றின் போட்ட புடிங்கை அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தாலே தளர்ந்துவிடும். கடற்பாசி 40 பாகைக்குக் கிட்ட இறங்கும்போதே உறைந்துவிடும், திரும்ப உருக 85 பாகையாவது வேண்டும். மழைக்குக் கரண்ட் போய் பிரிட்ஜ் நின்றாலும் கவலையில்லை. 10 கிராம் கடற்பாசியை ஊறவைத்து, முக்கால் லீட்டர் தண்ணீரில் நார் தெரியாமல் கரையும்வரை காய்ச்சி, 200 கிராம் சீனி போட்டு, கால் லீட்டர் சூடான பாலைச் சேர்த்து, பாதியைத் தட்டில் ஊற்றுங்கள். பால் சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த பாலை விட்டால் அங்கங்கே கட்டி பிடிக்கும். மீதிப் பாதியில் ரோஸ் சிரப் கலந்து, முதல் படை மேலாக உறைந்தவுடன், சூடு ஆறும் முன்னே ஊற்றினால் இரண்டு படையும் ஒட்டிக்கொள்ளும். சிவப்பும் வெள்ளையுமாகச் சின்ன டயமன் துண்டு, நத்தார் நிறம்தான். வேகவைக்காத அன்னாசித் துண்டு போட ஆசை என்றாலும் போடலாம். அன்னாசியிலுள்ள நொதி ஜெலற்றினை உறையவிடாது, கடற்பாசியை ஒன்றும் செய்யாது.

இங்கே ஒரு விஷயம். நம் பக்கத்தில் நத்தார்த் தட்டு கிறிஸ்தவ வீடுகளோடு நிற்பதில்லை, மட்டக்களப்பானாலும் சரி, அம்பாறைக் கரையில் கல்முனை, அக்கரைப்பற்றானாலும் சரி. முஸ்லிம் வீட்டுக்குப் போகிற தட்டில் ரம்மோ பிராந்தியோ ஊறிய ரிச் கேக்கும், எதிலிருந்து எடுத்தது என்று தெரியாத ஜெலற்றினும் இருக்கக் கூடாது. சைவ வீடுகளில் அந்த நாட்களில் பிள்ளையார் கதை, திருவெம்பாவை என்று விரதம் நடக்கும், முட்டை ஆகாது. தட்டை மரியாதைக்காக வாங்கி, "அங்கால வைங்கோ பிறகு சாப்பிடுறன்" என்று சொல்வார்கள், அவ்வளவுதான். அதனால் முட்டை, மதுபானம், ஜெலற்றின் மூன்றும் இல்லாத ஒரு பொதுத் தட்டை முதலில் தயார் செய்துவிடுவது என் வழக்கம். வனிலா எசென்சில் மதுசாரம் இருக்கலாம், அதற்குப் பதில் ஏலக்காயே போதும், மணமும் அதுதான் நல்லது. கேக் வகையெல்லாம் வேறு தட்டு.

அந்தப் பொதுத் தட்டில் மூன்றாவதாக பிஸ்கட் உருண்டை வைக்கலாம். சின்னப் பிள்ளைகளை வேலையில் சேர்க்கவும் அதுதான் தோது. மாரி பிஸ்கட் 200 கிராம் நொறுக்கி, கொக்கோ இரண்டு மேசைக்கரண்டி, உருக்கிய மாஜரின் 50 கிராம், கையில் பிடிக்க வருமளவுக்கு டின் பால், அரை டின் போதும். எலுமிச்சங்காயைவிடச் சின்னதாக உருட்டித் தேங்காய்ப்பூவில் புரட்டுங்கள். ஆனால் திருவிய ஈரத் தேங்காயை அப்படியே பூச வேண்டாம், அடுத்த நாளே புளித்துவிடும். தாச்சியில் ஈரம் போக வறுத்து, ஆறவிட்டுப் பூசுங்கள். உருக்கிய கண்டோஸ் சொக்லேட்டில் தோய்ப்பதானால் பிரிட்ஜில் வைத்து எடுத்துப் பரிமாற வேண்டாம். வெளியே வந்ததும் வியர்த்து, பிறகு மேலே வெள்ளை படியும்.

வட்டிலப்பம் சின்னக் கிண்ணத்தில் செய்தால் கேக்கையே மறக்கடிக்கும். கித்துள் கருப்பட்டி 250 கிராம், முட்டை 5, கெட்டித் தேங்காய்ப்பால் 250 மில்லி, ஏலம், கொஞ்சம் சாதிக்காய். வடித்து, இட்டலித் தட்டின் குழிகளில் சின்னக் கிண்ணங்களை வைத்து ஊற்றி, மெல்லிய ஆவியில் 12 முதல் 15 நிமிடம் அவியுங்கள். நெருப்பைக் கூட்டினால் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். மூடியில் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் மேலே சொட்டும். இதை 24ஆம் தேதி இரவு அவித்து 25இல் முடித்துவிட வேண்டும், வைத்துச் சாப்பிடுகிற சாமான் அல்ல.

ரவையும் கஜுவும் போட்டுச் சுடுகிற லவ் கேக் இல்லாமல் நத்தாரா என்று பறங்கியர் வீட்டுச் சிநேகிதி ஒருத்தி கேட்பாள். சரி, வேண்டும் என்றால் ஊர்ப் பேக்கரியில் பேசிப் பாருங்கள். பாண் சுட்டு முடிந்து சூடு இறங்குகிற போறணை, 150 பாகைக்குப் பக்கத்தில் மெதுவாக வேக வேண்டிய லவ் கேக்குக்கு அளவெடுத்தது போல இருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன், அதைச் சின்னக் கடதாசிக் கிண்ணங்களில் சுட வேண்டாம். மேலே பொன்னிறமாக, நடுவில் ஈரமாக இருப்பதுதான் லவ் கேக். கிண்ணத்தில் சுட்டால் நடு என்று ஒன்றே மிஞ்சாது, முழுவதும் காய்ந்த ரவைதான். பெரிய தட்டில் சுட்டு, ஆறவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ரிச் கேக் போல ஒயில் பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள்.

எதை எப்போது செய்வது என்றால், டொபியை ஒரு வாரம் முன்னாடியே செய்யலாம், கரோல் வருகிறவர்களுக்கும் கைவசம் இருக்கும். உருண்டை இரண்டு நாள் முன், கடற்பாசி 24இல். அயல் வீட்டுத் தட்டுகளை 25 பின்னேரத்துக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள். கல்லடி, நாவலடி, டச்பார் தொடங்கிக் கல்முனைக் கரை வரைக்கும் 26 என்றால் 2004 சுனாமிதான், அன்று காலையில் விளக்கு வைக்கிற வீட்டுக்கு இனிப்போடு போக முடியாது.

டொபியையும் கேக்கையும் ஒரே டின்னில் அடைக்க வேண்டாம், கேக்கின் ஈரம் டொபிக்குப் போய்விடும். தட்டை அழகுபடுத்த மேலே ஐசிங் சீனி தூவுவதையும் விட்டுவிடுங்கள், நம் ஊர் டிசம்பரில் பரிமாறும் முன்னே கரைந்து ஈரத் திட்டாகிவிடும். ஐந்தாறு வகை வேண்டாம், மூன்று போதும். ஆளுக்கு வகைக்கு ஒன்று, கொஞ்சம் கூடுதலாகக் கணக்கு வைத்தால் சரி. கஜு வாங்கும்போது முழுக் கஜு கேட்காமல் உடைந்ததாக வாங்குங்கள். விலை குறைவு, எப்படியும் நாங்கள் அதை நறுக்கத்தானே போகிறோம்.