காரைக்குடி பக்கம் பழைய காருக்குக் குஷன் வேலை தெரிந்த நல்ல ஆள் கிடைப்பாரா?

கிடைப்பார். ஆனால் 'கிளாசிக் கார் இன்டீரியர்' என்று போர்டு மாட்டிய கடையாகத் தேடினால் கிடைக்க மாட்டார். நீங்கள் கேட்டிருப்பது 1960களின் ஃபியட்டுக்கு. நான் ஆள் வைத்து வேலை செய்தது எங்கள் ஐயா (தாத்தா) வாங்கிய அம்பாசடர் மார்க் 2-க்கு. சீட்டைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் நான் சூடுபட்ட கதை. பக்கத்து ஊரில் ஒரு சீட் கவர் கடையில் பின் சீட்டை மட்டும் கொடுத்தேன். மூன்றே நாளில் பளபளவென்று வந்தது. பழைய ரெக்சின், அடியில் இருந்த சாக்கு, தென்னை நார், ஸ்பிரிங் எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒரே கட்டியாக ஃபோமை வைத்துத் தைத்திருந்தார்கள். அப்பத்தா ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை, ஊஞ்சலில் இருப்பது மாதிரி தொங்கியது. பழைய கவர் எங்கே என்று கேட்டதற்கு, "குப்பை வண்டில போட்டாச்சுண்ணே" என்றான் பையன். ஃபோமைப் பிடுங்கி எறியலாம், ஸ்பிரிங் தேடிப் போடலாம். அளவுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பழைய கவர்தான், அது போய்விட்டது.

சரியான ஆள் கிடைத்தது முனீஸ்வரன் கோவில் தெருவில். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு, தெரிந்திருக்கும். ஒரு கண்ணாடிச் சட்டம் பார்க்கப் போனவன் பேச்சுவாக்கில் புலம்பினேன். செட்டிநாட்டு வீட்டுப் பழைய சோபாக்களுக்கு ஸ்பிரிங் கட்டித் தரும் ஒரு பெரியவரைக் கடைக்காரர் கைகாட்டினார். இளவயதில் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைத்தவராம். ஸ்பிரிங்கும் தெரியும், ரெக்சினை இழுத்து மாட்டவும் தெரியும். இந்த இரண்டும் ஒரே கையில் இருப்பது அபூர்வம்.

வந்தவர் வண்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முன் சீட்டில் முழங்காலை ஊன்றி, இடம் மாற்றி மாற்றி அழுத்தி, எந்த ஸ்பிரிங் கிரீச்சிடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு சீட்டைக் கவிழ்த்து, இரும்புச் சட்டத்துக்குள் மடித்திருந்த ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். வெயில் படாத அந்த இரண்டு விரல் அகலத்தில் நிறம் அப்படியே இருந்தது. அப்பச்சி (எங்கள் அப்பா) ஆயுசுக்கும் பிரவுன் என்று சாதித்த சீட், அசல் அரக்குச் சிவப்பு. "நான் சொன்னப்ப யாரு கேட்டீக" என்றார் அப்பத்தா. புதுத் துணி வாங்கப் போகும்போது அந்தத் துண்டைத்தான் கையில் கொண்டுபோனேன்.

முன் சீட்டின் பழைய கவரை ஒவ்வொரு தையலாக பிளேடால் பிரித்து, துண்டுக்கு ஒரு நம்பரும் அம்புக்குறியும் சாக்பீஸால் போட்டு, புது ரெக்சின் மேல் பரப்பி வெட்டினார். தைத்ததை வெயிலில் போட்டு இளகவைத்துத்தான் சட்டத்தில் மாட்டினார். ஆறும்போது அது தானாக இறுகிவிடுகிறது. மொத்தம் பதினெட்டு நாள்.

ஆளை எடைபோட நான் கேட்கும் கேள்வி இரண்டுதான். பழைய கவரை என்ன செய்வீர்கள்? ரூஃப் லைனிங்கை எப்படிப் போடுவீர்கள்? பழைய வண்டிகளில் கூரைத்துணி கம்பிகளில் தொங்கும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வளைவு, வரிசை மாறினால் சுருக்கம் விழும். "பசை போட்டு ஒட்டிரலாம் சார்" என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பசை விட்டுப்போய், துணி தலையில் வந்து விழும்.

லெதர்தான் வேண்டும் என்றால் திண்டுக்கல்லோ ஆம்பூரோ போகலாம். சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். என்னைக் கேட்டால், உங்கள் ஃபியட்டுக்கு நல்ல ரெக்சினே போதும், லெதர் வீண் செலவு.

பெரியவர் நம்பரைப் பொதுவில் போட மனமில்லை. அந்தத் தெருவில் "சோபாவுக்கு ஸ்பிரிங் கட்டுறவர்" என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போகாதீர்கள். ரெக்சின் காயப்போட வெயில் இல்லாத மாதத்தில் அவர் கார் வேலையே எடுப்பதில்லை.