லோஃப் மோல்டுல ஸ்வர்ல் சோப்: உங்க கேள்விக்கெல்லாம் பதில்

ரொட்டி மாதிரி நீளமான பெட்டி அச்சுல (லோஃப் மோல்ட்) ரெண்டு மூணு கலர் சோப் மாவ அலை அலையா ஓடவிடுறதுதான் ஸ்வர்ல். அதப் பத்தி எல்லாருடைய கேள்வியையும் ஒண்ணா சேர்த்து பதில் எழுதிட்டேன். எல்லாமே கோல்ட் ப்ராசஸ் சோப்புக்கு, அதாவது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வச்சு முதல்லேர்ந்து நாமளே செய்யறது. ரெடிமேட் சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊத்துறவங்களுக்கு இதுல பாதி பொருந்தாது.

அக்கா, வீடியோல அலை அலையா வருது, நான் ஊத்துனா ரெண்டு கலரும் தனித்தனி கட்டியா நிக்குது, ஸ்வர்லே வரல. கை வாகு இல்லையா எனக்கு?

கை வாகெல்லாம் ஒண்ணுமில்ல மா, ஊத்துறதுக்கு முன்னாடியே கெட்டியாயிடுச்சு, அவ்ளோதான். நிறைய பேர் மாட்டுறது இங்கதான், ஹேண்ட் பிளெண்டர போட்டா விடாம ஓட்டுறது. ஸ்வர்லுக்கு அப்படி கூடாது. 3, 4 செகண்ட் ஆன் பண்ணுங்க, ஆஃப் பண்ணிட்டு அதையே வச்சு மெதுவா கிளறுங்க, திரும்ப 3 செகண்ட், இப்படியே போனா ஒரு இடத்துல மேல மிதக்குற எண்ணெய் கோடெல்லாம் மறைஞ்சு மொத்தமும் ஒரே நிறமா, கொஞ்சம் வெளுத்து தெரியும், அங்க நிறுத்திடணும். ரவா தோசை மாவு பதம்னு வச்சுக்கங்க, ஊத்துனா தானா ஓடணும், இட்லி மாவு பதத்துக்கு போயிட்டா அன்னைக்கு ஸ்வர்ல மறந்துட்டு மேல டிசைன் மட்டும் போட்டுக்கலாம். பிளெண்டர வெளிய எடுத்த பிறகு கலர், வாசனை எல்லாமே கையால விஸ்க்லதான் கலக்கணும், ஏன்னா கலக்க கலக்க அது இறுகிட்டேதான் போகும். அதுக்குன்னு எண்ணெய் கோடு இருக்கும்போதே ஊத்திடாதீங்க, மோல்டுல எண்ணெய் பிரிஞ்சு தனியா நிக்கும்.

மெதுவா இறுகுற ரெசிபி ஒண்ணு சொல்லுங்களேன் மேடம். கிராம் கணக்குல வேணும்.

1 கிலோ எண்ணெய்க்கு சொல்றேன். ஆலிவ் 400 கிராம், தேங்காய் எண்ணெய் 300, பாமாயில் 250, விளக்கெண்ணெய் 50. இதுக்கு காஸ்டிக் சோடா 143 கிராம், இது 5 சதவீதம் எண்ணெய் சோப்பா மாறாம மிச்சம் நிக்குற மாதிரி கணக்கு. தண்ணி 286 கிராம், சோடாவுக்கு ரெண்டு மடங்கு. மில்லி, டம்ளர் எல்லாம் வேணாம், எல்லாத்தையும் தராசுல கிராம்ல நிறுங்க. ஆலிவ் மெதுவா இறுகும், தேங்காயும் பாமாயிலும் வேகமா இறுகும், கோகம் வெண்ணெய், மாங்கொட்டை வெண்ணெய்னு சேர்க்க சேர்க்க ஸ்வர்லுக்கு கிடைக்குற நேரம் குறைஞ்சுகிட்டே வரும். எண்ணெயும் லை தண்ணியும் (சோடா கரைச்ச தண்ணி) 35லேர்ந்து 40 டிகிரிக்குள்ள இருக்கும்போது சேருங்க. ரொம்ப ஆறவிட்டா பாமாயில்ல இருக்குற கெட்டிக் கொழுப்பு உறைஞ்சு டிரேஸ் (எண்ணெயும் லையும் சேர்ந்து கெட்டியாகுற பதம்) வந்த மாதிரி ஏமாத்தும்.

ஆலிவ் விலை கட்டுப்படியாகல, நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் போடலாமா? அதே 143 கிராம் சோடா போதுமா?

போடலாம், ஆனா மொத்த எண்ணெய்ல 15, 20 சதவீதத்துக்கு மேல போகாதீங்க. ரெண்டுலயும் சீக்கிரம் சிக்கு பிடிக்குற கொழுப்பு அதிகம், நம்ம ஊர் வெக்கைக்கு ரெண்டு மூணு மாசத்துல சோப் மேல ஆரஞ்சு கலர் புள்ளி வர ஆரம்பிச்சிடும், வாடையும் அடிக்கும். சோடா விஷயத்துல அதே அளவுன்னு ஒரு நாளும் நினைக்காதீங்க. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் சோடா வேணும், ஆலிவுக்கு 0.135, விளக்கெண்ணெய்க்கு 0.128. ஒவ்வொண்ணும் வேற வேற, அதனால எந்த எண்ணெய மாத்துனாலும் லை கால்குலேட்டர்ல (எண்ணெய் அளவு போட்டா சோடா அளவு சொல்றது) புதுசா போட்டு பாத்துட்டுதான் சோடாவ நிறுக்கணும்.

என் மர மோல்ட் உள்ள 25 செமீ நீளம், 8 அகலம், 7 உயரம். எவ்ளோ எண்ணெய் எடுக்கணும்?

மூணையும் பெருக்குங்க, 1400. அத 0.69ஆல பெருக்குங்க, 966 வரும். அத்தனை கிராம் எண்ணெய் எடுத்தா மோல்ட் நிறையும். மேல அலை மாதிரி டிசைன் வேணும்னா 900 போதும். மரத்துல நேரடியா ஊத்தாதீங்க, சிலிக்கான் லைனர் இல்லன்னா பட்டர் பேப்பர் மடிச்சு போடுங்க, மடிப்பு மூலைல சுருக்கம் இருந்தா அந்த சுருக்கம் சோப்லயும் அச்சா விழும். அலுமினிய கேக் டின் வேணவே வேணாம், சோடா அலுமினியத்த அரிச்சு ஹைட்ரஜன் வாயு விடும்.

ஹேங்கர் ஸ்வர்ல் எப்படி பண்றது? எனக்கு எல்லாம் கலங்கி ஒரே சாம்பல் கலரா போச்சு.

கம்பிய அதிகமா சுத்திட்டீங்க. கலங்காம வரணும்னா முதல்ல கலர குறைங்க. வெள்ளை, அதோட ஒண்ணு இல்ல ரெண்டு கலர், அவ்ளோதான். அஞ்சாறு மைக்கா (மினுமினுப்பு கலர் பொடி) வாங்கி வச்சுட்டு எல்லாத்தையும் ஒரே பார்ல காட்டணும்னு ஆசைப்படுறது எனக்கு பிடிக்காது, பக்கத்துல பக்கத்துல அடர்த்தி வித்தியாசம் இருந்தாதான் கோடு தெரியும்.

மோல்ட் நீளத்துக்கு ஒரு கம்பி வேணும், பிளாஸ்டிக் உறை போட்ட மின்சார வயர் நல்லாவே இருக்கும். கலர்கள மாத்தி மாத்தி அடுக்கடுக்கா ஊத்துங்க, உயரத்துலேர்ந்து ஊத்துனா கீழ வரைக்கும் துளைச்சுட்டு போகும், கரண்டி மேல விட்டு ஊத்துனா மேலேயே படியும், ரெண்டையும் கலந்து பண்ணுங்க. அப்புறம் கம்பிய ஒரு பக்க சுவர் ஒட்டி நேரா அடி வரைக்கும் இறக்கி, கொஞ்சம் தள்ளி, மேல தூக்கி, இன்னும் கொஞ்சம் தள்ளி, திரும்ப இறக்கி, இப்படியே எதிர் சுவர் வரைக்கும் போயிட்டு அந்த ஓரமாவே வெளிய எடுத்துடுங்க. ஒரு தடவை போனா போதும், அழகா இருக்கேன்னு திரும்பி வந்தா போச்சு. வெட்டும்போது ரொட்டி மாதிரி குறுக்க வெட்டுனா ஒவ்வொரு துண்டுலயும் இறகு மாதிரி கோடு வரும்.

இதுவும் பயமா இருந்தா பாத்திரத்துலயே ஸ்வர்ல் பண்ணுங்க. வெள்ளை மாவு இருக்குற பாத்திரத்துல கடிகாரத்துல 12, 4, 8 இருக்குற இடத்துல கலர ஊத்தி, ஸ்பாட்டுலாவால ஒரே ஒரு சுத்து சுத்தி, மோல்ட்ல ஒரு ஓரத்துலேர்ந்து அப்படியே ஊத்திடுங்க.

மஞ்சள் போட்டா சிவப்பா மாறிடுச்சு தோழி! மஞ்சள் கலப்படமா?

கலப்படம் இல்லீங்க, நல்ல மஞ்சள்தான். ஆரத்தி தட்டுல மஞ்சள் தண்ணில சுண்ணாம்பு போட்டதும் சிவக்குதுல்ல, அதே கதைதான் இங்கயும், சோடா பட்டதும் சிவக்கும். காய காய ஆரஞ்சு மஞ்சளுக்கு இறங்கும், வெயில் பட்டா வெளுத்தும் போயிடும். இயற்கை கலர்ல நம்பிக்கையானது நீலத்துக்கு அவுரி பொடி, இளஞ்சிவப்புக்கு மஞ்சிட்டி, கருப்புக்கு ஆக்டிவேட்டட் சார்கோல். செம்பருத்தியும் பீட்ரூட்டும் பழுப்பாதான் போகும், கீரை பச்சை கொஞ்ச நாள்ல காணாம போயிடும். சமையல் கலர் வேஸ்ட். மைக்கான்னா 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன், அதையும் கொஞ்சம் எண்ணெய்ல கட்டியில்லாம குழைச்சுட்டு போடுங்க. சில மைக்கால சாயம் ஏத்தியிருப்பாங்க, சோடால நிறம் மாறிடும், குறிப்பா ஊதா. முதல்ல ஒரு சின்ன கப்ல டெஸ்ட் பண்ணிடுங்க.

மல்லிகை வாசனை ஊத்துன உடனே கல்லு மாதிரி ஆயிடுச்சு அக்கா, குப்பைல போட்டுடவா?

போடாதீங்க. பாத்திரத்தோட டபுள் பாய்லர்ல, அதாவது கொதிக்குற தண்ணி இருக்குற இன்னொரு பாத்திரத்துல வச்சு மூடி, அப்பப்ப கிளறி வேகவிட்டு, மோல்ட்ல அழுத்தி நிரப்புங்க, ஸ்வர்ல் இருக்காது, ஆனா சோப் நல்ல சோப். பூ வாசனை ஃப்ராக்ரன்ஸ் ஆயில் நிறைய இப்படித்தான் பண்ணும், கிராம்பு எண்ணெயும் அப்படியே. ஸ்வர்ல் பண்ற அன்னைக்கு லெமன்கிராஸ், லாவண்டர் மாதிரி சாதுவானதா எடுங்க, 1 கிலோ எண்ணெய்க்கு 30 கிராமுக்கு மேல வேணாம். வெனிலின் இருக்குற வாசனைன்னா வெள்ளை பகுதி பழுப்பாயிடும், அதனால அத கருப்பு மாவுல மட்டும் கலங்க.

வெட்டுனா நடுவுல வட்டமா அடர்த்தியா ஒரு நிறம், ஓரமெல்லாம் வெளிர். இது என்ன? மேல வெள்ளையா பொடி வேற படியுது.

நடுப்பகுதி மட்டும் சூடேறி ஜெல் (இளகி கண்ணாடி மாதிரி தெரியுற நிலை) ஆகியிருக்கு, ஓரம் ஆகல. ஒண்ணு முழுசா ஜெல் ஆகவிடுங்க, டவல் சுத்தி மூடி வச்சா போதும், கலரும் பளிச்சுன்னு வரும். இல்ல ஆகவே கூடாதுன்னா ஃப்ரிட்ஜ்ல வைங்க. பால், தேன், சர்க்கரை போட்டிருந்தா டவல் வேணாம், தானாவே ரொம்ப சூடாகி பொங்கி வழியும். மேல படியுறது சோடா ஆஷ், ஆபத்தில்ல. ஊத்துன உடனே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஸ்ப்ரே பண்ணி மூடிட்டா குறையும், வந்துட்டா இஸ்திரி பெட்டி ஆவி காட்டுங்க.

சோடாவுக்கு தண்ணி ஊத்தணுமா, தண்ணில சோடா போடணுமா?

தண்ணில சோடா. எப்பவும். மாத்தி பண்ணா கொதிச்சு மேல தெறிக்கும். கலக்குனதும் 80 டிகிரிக்கு மேல சூடு போகும், அதனால மெல்லிசு கண்ணாடி வேணாம், ஸ்டீல் இல்ல தடிமனான பிபி பிளாஸ்டிக். கையுறை, கண்ணுக்கு கண்ணாடி, ஜன்னல் திறந்து வைங்க, குழந்தை வீட்ல முழிச்சிருக்கும்போது வேணாம். மேல பட்டா வினிகர் தேடாதீங்க, குழாய திறந்து நிறைய தண்ணில கழுவிட்டே இருங்க, கண்ணுல பட்டா கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

எங்க வீட்ல போர் தண்ணி, நுரையே வரல.

உப்புத் தண்ணில சோப்பும் கால்சியமும் சேர்ந்து திரிஞ்சு போறதுதான் காரணம். 1 கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட், சோப் செய்யும்போது சோடா கலக்குற தண்ணில முதல்லயே கரைச்சுட்டு, அது தின்னுடற சோடாவுக்காக 6.2 கிராம் சோடா கூடுதலா போடுங்க. ஓரளவு தேறும்.

எத்தன நாள் காயணும்? ரெண்டு நாள்லயே கட்டியாயிடுச்சே.

கட்டியாறது வேற, காயறது வேற தம்பி. 24லேர்ந்து 48 மணி நேரத்துல வெட்டலாம், கத்தில ஒட்டுனா இன்னும் அரை நாள் பொறுங்க. அப்புறம் 4லேர்ந்து 6 வாரம் நிழல்ல, காத்து படுற இடத்துல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி வைங்க. கடலோர ஊர்ல ஈரம் அதிகம், மழைக்காலத்துல ஒரு ஃபேன் ஓடட்டும். சீக்கிரம் எடுத்தா குளிக்கும்போது கரைஞ்சு ஓடிடும்.

விக்கலாமா அக்கா? தெரிஞ்சவங்க கேக்குறாங்க.

குளியல் சோப் இந்தியாவுல காஸ்மெடிக் கணக்குல வருது. விக்கறதுக்கு செய்யணும்னா 2020 காஸ்மெடிக்ஸ் ரூல்ஸ்படி மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைகிட்ட தயாரிப்பு லைசன்ஸ் வாங்கணும், இடம், ஆள்னு நிபந்தனை இருக்கு. சிலர் ஏற்கனவே லைசன்ஸ் இருக்குற யூனிட்ல செஞ்சு வாங்கி விக்கறாங்க.

வெட்டுன ஓரத்துண்டு, சீவுன தூள் எல்லாம் என்ன பண்றீங்க?

டப்பால போட்டு வைப்பேன். அடுத்த தடவ வெள்ளை மாவுல அள்ளி போட்டு ஊத்துனா கலர் கலரா பொட்டு பொட்டா வரும். ஸ்வர்ல் சொதப்புன பார் இருந்தா அதையும் துருவி சேர்த்துடலாம்.