ஸ்கேனில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், மூளையில் சிறு வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். டாக்டரோ பிரஷர், சர்க்கரை பற்றியே கேட்கிறார். ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் கேட்பது சரிதான், அம்மா. அறுபதைத் தாண்டிய பலருக்கும் இந்தப் புள்ளிகள் கொஞ்சம் இருக்கும். பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

மூளையின் ஆழத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி, நரம்பிழைகள் கட்டுக்கட்டாக ஓடும் இடம். அதற்கு ரத்தம் கொண்டுபோவது மிக மெல்லிய குழாய்கள். ஒன்று அடைத்தால் மாற்றுவழி குறைவு. பல வருடம் பிரஷர் ஏறியே இருந்தால் அவற்றின் சுவர் தடித்து, உள்வழி சுருங்குகிறது. சர்க்கரையும் புகையும் அதே வேலையைச் செய்யும். ரத்தம் குறைந்த இடங்களே பெரும்பாலும் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிகின்றன. அவை பெருகினால் நடை தளரும், யோசனை மந்தமாகும், பக்கவாத ஆபத்தும் கூடும்.

என் அப்பா தலை சுற்றினால்தான் பிரஷர் மாத்திரை போடுவார். எழுபதில் அவர் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. டாக்டராக இருந்தும் நான் அப்போது வற்புறுத்தவில்லை.

அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் என்ற பிரஷர் ஆய்வு 2019இல் சொன்னது இது: பிரஷரின் மேல் அளவை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு, 140ஐ இலக்காகக் கொண்டவர்களைவிட இந்தப் புள்ளிகள் மெதுவாகவே வளர்ந்தன. ஆனால் 120 எல்லோருக்கும் ஒத்துவராது. எழும்போது மயக்கம் வருகிறதா என்று பார்த்து, டாக்டரே அளவை முடிவு செய்யட்டும். அதுவரை வீட்டிலேயே காலை, மாலை பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.