கீழமை நீதிமன்றங்களில் வழக்கு சீக்கிரம் முடியவும், நீதிபதிகள் யாருக்கும் பயப்படாமல் தீர்ப்புச் சொல்லவும் என்ன செய்ய வேண்டும்?

முன்சீஃப் கோர்ட், சப் கோர்ட் என்று 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் பெஞ்ச் கிளார்க் வேலை, அதாவது நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து வழக்குக் கட்டுகளையும் தேதிகளையும் பார்ப்பது. இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்றால் உங்கள் குடும்பத்திலும் ஒரு சிவில் வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் கொலீஜியத்துக்கு, அதாவது உயர், உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்வு செய்கிற மூத்த நீதிபதிகள் குழுவுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது சரியா தவறா என்று சண்டை. பேச வேண்டியதுதான். ஆனால் உங்கள் வழக்கு நிற்பது அங்கே அல்ல, சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற கோர்ட் ஊழியரான அமீனாவின் பையில்.

ஒரு அம்மா. அப்பா உயில் எழுதாமல் விட்டுப்போன மூன்று ஏக்கரில் தன் பங்கைக் கேட்டு 2004-ல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். பிரதிவாதிகள் ஏழு பேர், எல்லாம் அண்ணன் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும். சம்மன் எடுத்துக்கொண்டு அமீனா போனால் 'வீடு பூட்டியிருக்கிறது', தபாலில் அனுப்பினால் 'ஆள் ஊரில் இல்லை'. மறுபடி பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டு, மறுபடி சம்மன். இதற்குள் மூன்றாம் பிரதிவாதி இறந்துவிட்டார். அவருடைய வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு, அந்த வாரிசுகளுக்கு மறுபடி சம்மன். ஐந்து வருடம் இப்படியே போனது. மதியம் கோர்ட் கலைந்ததும் அந்த அம்மா என் மேசைக்கு வருவார். சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து நீட்டுவார். "சாமி, இந்த வாய்தாவையும் இதுலயே எழுதிக் குடுங்க." அந்தத் தாளின் பின்பக்கம் முழுக்கத் தேதிகள். பாதிக்கு மேல் என் கையெழுத்து.

2009-ல் ஒரு பெண் நீதிபதி வந்தார். அதுவரை ஒரு நாள் பட்டியலில் தொண்ணூறு வழக்குகள் இருக்கும். டவாலி பெயர் கூப்பிட்டு முடிக்கவே பன்னிரண்டரை ஆகிவிடும். வந்த சாட்சி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவார். அந்த அம்மையார் பட்டியலை முப்பத்தைந்தாகக் குறைத்தார். காலையில் மனுக்கள், மதியத்துக்கு மேல் சாட்சி விசாரணை மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார்வு ஆகாத, அதாவது உரியவர் கைக்குப் போய்ச் சேராத சம்மன்களை மேசையில் பரப்பி, அமீனாவை நிற்கவைத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பார். ஒளிந்துகொள்கிறவர்களுக்குக் கதவில் ஒட்டவும் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கவும் உடனே உத்தரவு. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் வந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து சேலம் வழக்கறிஞர் சங்கம்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. திருத்தங்கள் செல்லும், தவிர்க்கவே முடியாத நிலையில் மட்டும் கூடுதல் வாய்தா தரலாம் என்று 2005-ல் தீர்ப்பானது. அதை எங்கள் கோர்ட்டில் நிஜமாகவே அமல்படுத்தியவர் அவர்தான். ஐந்து வருடம் நகராத அந்த அம்மாவின் வழக்கில் பதினான்கே மாதத்தில் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு, கோர்ட்டின் அன்றாட நடவடிக்கைகளை எழுதும் ஏ டைரியில் அதைப் பதிவு செய்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னால்கூட யாருக்கும் புரியவில்லை.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வேறொரு வழக்கில், உள்ளூரில் செல்வாக்கான ஒருவருக்கு எதிராக அந்த நீதிபதி தடை உத்தரவு போட்டார். மாதம் திரும்புவதற்குள் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இரவு எட்டு மணி வரை அறையில் உட்கார்ந்து பதில் எழுதினார். குற்றச்சாட்டு ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. மறுத்திருக்க வேண்டிய வாய்தாக்களைக் கொடுத்தார். அடுத்த கோடையில் மாறுதல். புதிதாக வந்தவர் பட்டியலை மறுபடி தொண்ணூறாக்கினார்.

நீதிபதிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சிலர் எழுதுவீர்கள். தப்பு செய்கிற நீதிபதியும் உண்டு, கை நீட்டுகிற ஊழியரும் உண்டு, நான் மறுக்கவில்லை. புகார் கொடுப்பவர் பெயரும் பிரமாண வாக்குமூலமும் கொடுத்துச் சொல்லட்டும் என்றுதான் கேட்கிறேன். தீர்ப்பு தவறு என்றால் அப்பீல் இருக்கிறது. கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில்தான் என்று அரசியல் சட்டத்தின் 235-வது பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு டைப்பிஸ்ட் பணியிடத்துக்கும் கட்டிடத்துக்கும் மாநில அரசின் நிதித்துறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அரசே நூற்றுக்கணக்கான வழக்குகளில் எதிரே நிற்கிற பிரதிவாதி. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இன்றைக்கும் சுமார் 21 தான்.

   

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். அவருக்குக் கிடைத்தது முதல்நிலைத் தீர்ப்பாணைதான். உனக்கு இத்தனை பங்கு என்று மட்டும் அது சொல்லும். எந்த வரப்பு வரை என்று அளந்து பிரிக்க, இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு, மறுபடி எல்லோருக்கும் நோட்டீஸ், நிலத்தைப் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கிற வக்கீல் கமிஷனர், சர்வேயர். அதற்கும் பிறகு நிலத்தை வாங்கித் தர நிறைவேற்று மனு. ஒரே வழக்கை மூன்று முறை நடத்துகிறோம். தீர்ப்பு வாங்கிய பிறகுதான் இந்தியாவில் வழக்காடியின் கஷ்டமே ஆரம்பிக்கிறது என்று அன்றைக்கு நம் வழக்குகளின் கடைசி அப்பீலைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது. அந்த அம்மா 2017-ல் இறந்துபோனார். நான் ஓய்வு பெற்ற அன்று அந்த வழக்குக் கட்டு கமிஷனர் அறிக்கைக்காக அலமாரியில் இருந்தது.

உங்களுடையதும் பாகப்பிரிவினை வழக்காக இருந்து, முதல்நிலைத் தீர்ப்பாணை வந்திருந்தால் ஒன்று செய்யுங்கள். இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனுவுக்காகக் காத்திராமல் கோர்ட்டே அடுத்த தேதி போட்டு வழக்கைத் தொடர வேண்டும் என்று 2022 ஜூனில், ஒரு கேரள வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலிடம் அதை நினைவூட்டி, இந்த வாய்தாவிலேயே கமிஷனர் நியமனம் கேட்கச் சொல்லுங்கள்.